நாகாலாந்தில் எனக்கொரு வீடு

நாகாலாந்தில் எனக்கு ஒரு வீடு இருந்தது. நான் அதைப் பார்த்ததில்லை. ஜேடர்பாளையம் அணைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மீன் தின்றுவிட்டு வருவதே எனக்குப் பெரிய யாத்திரை. ஆனாலும் எங்கள் லாரியின் ஆர்.சி. புத்தகத்தில் என் பெயருக்குக் கீழே திமாப்பூர் முகவரி பளிச்சென்று அச்சாகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் இது ஓர் அதிசயமே இல்லை. திருச்செங்கோட்டு ரோட்டோரம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் என்.எல். என்று தொடங்கும் நாகாலாந்து நம்பர் வண்டிகள் வரிசையாகப் போய்விடும். அங்கே வண்டிக்கு வரி குறைவு. வண்டியும் போக வேண்டாம், ஆளும் போக வேண்டாம், ஏஜெண்ட் ஒருவர் எல்லாவற்றையும் முடித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார். வண்டியை என் பெயரில் வாங்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் சட்டப்படிதானுங்க" என்றார் ஏஜெண்ட். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்காரர் லாரி ஓட்ட, நான் கம்பெனி வேலைக்குப் போனேன். இன்னும் போகிறேன். மல்லசமுத்திரம் தாண்டி இருக்கிறது அந்த வெளிநாட்டுக் கம்பெனி. கிழங்கு சிப்ஸ் போடுகிறார்கள். மரவள்ளி என்பார்களே, அந்த எங்கள் ஊர்க் குச்சிக்கிழங்குதான், ஆத்தூர்ப் பக்கமிருந்து லோடு லோடாக வரும். அதைச் சீவிப் பொரித்து, மசாலா தூவி, பளபளவென்ற பாக்கெட்டில் அடைத்துவிட்டால் எங்களுக்கே அடையாளம் தெரியாது. நான் பேக்கிங் செக்‌ஷன். எங்கள் லாரியும் பெரும்பாலும் அந்தப் பாக்கெட்டுகளைத்தான் வடக்கே ஏற்றிப் போகிறது. போனஸ் பேச்சுவார்த்தைக்குப் பெண்கள் சார்பில் ஒருவர் வேண்டும் என்றபோது எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். அறிவைப் பார்த்து அல்ல, வாயைப் பார்த்து.

போனஸ் என்பது எங்களுக்குத் தீபாவளிச் சேலை மட்டுமல்ல. என் பக்கத்தில் நின்று பாக்கெட் அடுக்கும் அக்காவுக்கு வயதுக்கு வந்த இரண்டு பெண்கள். வீட்டில் குளியலறை கிடையாது. விடிவதற்கு முன்னால் எழுந்து, அடுத்த வீட்டுக்காரர்கள் எழுவதற்குள், அவர்கள் வீட்டுக் குளியலறையில் குளித்துவிட்டு ஓடிவர வேண்டும். இந்த வருடம் போனஸ் நன்றாக வந்தால் ஒரு குளியலறை கட்டிவிடுவது என்று அந்த அக்கா முடிவு செய்திருந்தார். செங்கல் எங்கே மலிவு, மேஸ்திரி யார் என்பது முதற்கொண்டு எங்கள் மேசை முழுவதற்கும் தெரியும்.

கம்பெனிக்கு லாபம் என்றால் சம்பளத்தில் இருபது சதவீதம் வரை போனஸ் கேட்கலாம். நட்டம் என்றால் சட்டம் சொல்லும் எட்டு புள்ளி மூன்று மூன்றோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எங்கள் கம்பெனி நான் சேர்ந்த நாள் முதல் நட்டத்தில்தான் ஓடுகிறது. மெஷின் நிற்பதில்லை, ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் இருக்கிறது, புதிதாக ஒரு லைன்கூடப் போட்டார்கள். நட்டத்தில் ஓடுகிறவன் எதற்காகப் புது மெஷின் வாங்குகிறான் என்று எனக்கு வயிறு எரிந்தது. கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு சேலத்தில் யூனியன் வக்கீலிடம் போனோம்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். பாக்கெட்டின் மேல் இருக்கிறதே பெயர், அது இந்தக் கம்பெனிக்குச் சொந்தமில்லை. ஏதோ ஒரு தீவில் இவர்களுக்கே இன்னொரு கம்பெனி இருக்கிறது. பெயர் அதற்குச் சொந்தம். நாங்கள் அடைக்கும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்தப் பெயருக்கு வாடகை போகிறது. மசாலாத் தூளையும் அதே கூட்டத்தின் மற்றொரு கம்பெனியிடம் யானை விலை கொடுத்து வாங்குகிறார்கள். லாபமெல்லாம் கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே வரி என்று பெயருக்குத்தான் ஏதோ உண்டு. இங்கே புத்தகத்தில் மிஞ்சுவது நட்டம்.

"இது திருட்டு இல்லைங்களா சார்?" என்று கேட்டேன்.

"திருட்டுன்னு சொல்லிட முடியாதும்மா. ஒளிச்சா வரி ஏய்ப்பு. இவங்க எதையும் ஒளிக்கல, எல்லாத்தையும் எழுதித்தான் வெச்சிருக்காங்க. சட்டத்துல இருக்கற சந்துல பூந்து போறாங்க. வாடகை ஜாஸ்தின்னு வருமான வரிக்காரங்க கேஸ் போட்டிருக்காங்க. அது பாட்டுக்கு நடக்கும், உங்க பேத்திக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும்."

"சட்டம் சரிங்க. நியாயம்?"

"அதை நீங்கதான் கேக்கணும்" என்று சொல்லிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

கேட்டேன். பேச்சுவார்த்தை அன்று எழுந்து நின்று, கிழங்கு எங்களுடையது, தண்ணீர் எங்களுடையது, கை எங்களுடையது, அந்தத் தீவுக்காரன் எந்தக் கிழங்கைச் சீவினான் என்று கேட்டேன். எங்கள் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராசிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, கெட்ட மனிதர் இல்லை. நாக்பூர்ப் பக்கம் எங்கள் வண்டி பள்ளத்தில் இறங்கியபோது அவர்தான் போன் மேல் போன் போட்டு கிரேன் பிடித்துக் கொடுத்தார். அன்றைக்கும் அவர் கோபப்படவில்லை. "எல்லாம் சட்டப்படிதானுங்க்கா" என்றார். நான் விடவில்லை. அவர் ஜன்னல் வழியாக யார்டைப் பார்த்தார்.

"ஏனுங்க்கா, அங்க லோடுக்கு நிக்கற வண்டி உங்களுதுதானுங்களே? நம்பர் என்னுங்க?"

முதலில் ஆண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அப்புறம் அறை முழுவதும் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. எட்டு புள்ளி மூன்று மூன்றுக்குக் கையெழுத்தானது. திரும்பும் பஸ்ஸில் அந்த அக்கா குளியலறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பையைத் துழாவி, வறுத்த கடலைக்காய் எடுத்து என் மடியில் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பல நாட்கள் மனதுக்குள்ளேயே மேனேஜரோடு சண்டை போட்டேன். ரெண்டும் ஒன்றா? டீசல், டோல், டயர், மாதத் தவணை என்று மூச்சு முட்ட ஓடும் ஒற்றை லாரி எங்கே, தீவு தீவாக ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனி எங்கே? இன்றைக்கும் சொல்கிறேன், ரெண்டும் ஒன்றில்லை. நாங்கள் பிழைப்பதற்குச் செய்தோம், அவர்கள் பெருப்பதற்குச் செய்கிறார்கள். ஆனால் சோறு வடிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அந்த ஏஜெண்டின் குரல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மேனேஜர் சொன்னதும் அதே வார்த்தைதான்.

வண்டியைத் தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்ற வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"பித்துப் புடிச்சிருக்கா அம்மணி உனக்கு? ஊரே அந்த நம்பர்லதான் ஓட்டுது. நாம ஒருத்தர் மாத்துனா கவர்மெண்டு கல்லா ரொம்பிருமா?"

"ரொம்பாதுங்க. என்ற வாய் தொறக்கோணும், அதுக்குத்தான்."

"உன்ற வாய்க்கா பூட்டு? இத்தனை வருசமா எனக்குத் தெரியாமப் போச்சே!"

கிண்டல் செய்தாரே தவிர அசையவில்லை. கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. பிறகு ஒரு நாள் கௌஹாத்திக்கு ஜவ்வரிசி லோடு கிடைத்தது. கிளம்பும்போது, "அப்படியே திமாப்பூர் போயி நம்பர் மாத்தறதுக்கு என்.ஓ.சி. வாங்கியாறேன். வண்டி ஒருக்காவாச்சும் பொறந்த ஊட்டைப் பார்க்கட்டும்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

திமாப்பூரிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டார். என் வீடு என்பது ஒரு தையல் கடை. ஒரு மெஷின், ஒரு பெஞ்ச், சுவரில் தொங்கும் துணிகள். அங்கே இருந்த பெண்ணுக்கு என்னையும் தெரியவில்லை, எங்கள் லாரியையும் தெரியவில்லை. தன் முகவரியில் எத்தனை நாமக்கல் லாரிகள் குடியிருக்கின்றன என்பதும் தெரியாது. அவ்வளவு தூரம் வந்த மனிதரை உட்கார வைத்து டீ கொடுத்திருக்கிறார். போனில் நானும் அந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். பாஷை தெரியாததால் வேறொன்றும் பேச முடியவில்லை.

வீட்டுத் தரைக்கு டைல்ஸ் போட வைத்திருந்த பணம் வரியாகப் போனது. "இனி உன்ற நம்பர் ப்ளேட்டு மேலயே நடந்துக்க" என்றார் வீட்டுக்காரர். லாரிப் பட்டறையில் "நேர்மை வண்டி வருது, வழி விடுங்கப்பா" என்று அவரைக் கேலி செய்தார்களாம். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அடுத்த தீபாவளி வந்தது. பேச்சுவார்த்தைக்கு அதே அறை, அதே மேனேஜர், அதே நட்டம். அன்றைக்கு லோடு எடுக்கும் முறை எங்கள் வண்டிக்கு. வீட்டுக்காரர் காலையிலேயே அதைக் கழுவித் துடைத்து, மேனேஜர் ஜன்னலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்தது. டி.என். என்ற எழுத்து வெயிலில் மின்னியது.

நான் எழுந்து போன வருடக் கேள்வியையே கேட்டேன். மேனேஜர் பழக்கத்தில் ஜன்னலைப் பார்த்தார். நம்பரைப் படித்தவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"சார், எங்க வண்டியோட ஊட்டை எங்க ஊட்டுக்காரரு நேர்ல போயிப் பார்த்துட்டு வந்துட்டாருங்க. அது ஒரு தையக்கடைங்க. அந்தத் தீவுல இருக்கற உங்க கம்பெனி ஊட்டை யாராச்சும் போயிப் பார்த்திருக்கீங்களா?"

இந்த முறையும் அறை சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"இல்லீங்க்கா. நான் பார்த்ததில்லீங்க. பார்த்தவங்க யாரையும் எனக்குத் தெரியாதுங்க."

சட்டப்படிதான் என்ற வார்த்தை அன்றைக்கு அவர் வாயிலிருந்து வரவில்லை. வெளியே போய், மேலிடத்தோடு நெடுநேரம் போனில் பேசினார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் கை ஆடுவது தெரிந்தது. எங்களுக்காகத்தான் வாதாடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்த மனிதர் மேல் எனக்கு அன்பு வந்தது.

திரும்பி வந்து சொன்னார். போனஸ் அதே எட்டு புள்ளி மூன்று மூன்றுதான். நட்டம் நட்டம்தான், புத்தகத்தை மாற்ற அவரால் முடியாது. ஆனால் அதற்கு மேல் ஒரு தொகை தருகிறார்கள், கருணைத் தொகை என்ற பெயரில்.

"கருணை எதுக்குங்க? நாங்க பங்கு கேக்கறோமுங்க" என்று சீறினேன். அந்த அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "வாங்கிக்கலாம் அம்மணி" என்றார் மெதுவாக. அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் நிற்க முடியவில்லை. உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன்.

பொங்கலுக்குள் அந்த அக்கா வீட்டில் குளியலறை எழும்பிவிட்டது. பார்க்க வரச் சொன்னார்கள், போனேன். சுவர் பூசியிருந்தது, மேலே சிமெண்ட் ஷீட் போட்டிருந்தது, குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைச் சின்னப் பெண் எனக்குக் காட்டினாள். பணம் அதோடு தீர்ந்துவிட்டது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் லாரியின் பழைய தார்ப்பாய் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கொடுத்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை.

உள்ளே பெரிய பெண் குளித்துக்கொண்டிருந்தாள். காற்றடித்தபோது தார்ப்பாயின் ஓரம் விலகியது. நான் போய் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அடுத்த வருசம் கதவுக்குக் கேளு அம்மணி."

"கேக்கறேனுங்க்கா" என்றேன். அவள் குளித்து முடிக்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.