சுண்ணாம்புக் காலனுங்க

எங்கள் கால்பந்துக் குழுவுக்குப் பெயர் வைத்தது நாங்கள் இல்லை. ஏலாக்குறிச்சிக்காரர்கள்தான். எழுபதுகளின் கடைசியில் மாதா கோயில் திருவிழாவை ஒட்டி அங்கே ஒரு போட்டி வைத்தார்கள். அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் வெறுங்காலோடு மைதானத்தில் இறங்கினோம். கூட்டத்தில் இருந்த ஒரு வாயாடி, "டேய், சுண்ணாம்புக் காலனுங்க வந்துட்டானுங்கடோய்!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

குனிந்து பார்த்தால் அவன் சொன்னது நிஜம். நாங்கள் ஆடிப் பழகியது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகளை வளைத்துத் திருப்புகிற பொட்டலில். எவ்வளவு கழுவினாலும் முழங்கால் வரைக்கும் ஒரு வெளுப்பு போகாது. அன்றைக்கு ஜெயித்தோம். திரும்பி வரும் பஸ்ஸில், இனிமேல் நமக்கு இதுதான் பேர் என்று நான் சொன்னேன். "பெருமையா சொல்லிக்குவோம்டா" என்று கேப்டன் பஸ்ஸின் தகரத்தைத் தட்டினான்.

கேப்டன் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. பெரிய தெருவில் வீடு. நான் காலனி. என் அப்பா அவர்கள் வயலில் கூலி வேலை பார்த்து, பிறகு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு லோடு ஏற்றப் போனவர். எனக்கும் அவனுக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. குழுவைத் தொடங்கியதே நாங்கள் இரண்டு பேர்தான். பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட பந்தைக் கெஞ்சி வாங்கி, உள்ளே இருந்த பிளாடருக்கு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினோம். சவுக்குக் கம்பு நட்டு கோல் போஸ்ட் ஆக்கினோம். அவன் தெருவிலிருந்து பாதிப் பேர், என் காலனியிலிருந்து பாதிப் பேர். பொட்டலில் எல்லோருக்கும் ஒரே பானைத் தண்ணீர். ஊருக்குள் அது நடக்காது. அதனால் அந்தக் குழு எனக்கு வெறும் ஆட்டம் இல்லை. அந்தக் கம்புகளுக்கு நடுவில் கோல் கீப்பராக நிற்கும்போது மட்டும்தான் நான் யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் பார்க்கவில்லை.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு லாரி முதலாளி எங்களுக்குப் புரவலராக வந்து சேர்ந்தார். பூட்ஸ் வந்தது, பனியன் வந்தது. பனியனோடு அவருடைய காலமான அப்பாவின் பெயரும் வந்தது. எங்கள் பெயர் அசிங்கமாக இருக்கிறதாம். பந்தைக் கண்ணால் பார்த்தாரோ இல்லையோ, அந்தப் பெரியவர் எங்கள் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் குதித்தேன். "பேர் கெடக்குதுடா, திருச்சி டோர்னமெண்ட் கிட்டக்க வந்துடுச்சு" என்று கேப்டன் என்னை அடக்கினான். திருச்சி என்றதும் நானும் அடங்கிப் போனேன்.

போட்டிக்கு முந்தின வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவன் சொன்னான்: "வெள்ளிக்கெழம நாங்க கெளம்புறோம்டா."

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. 'நாம' என்றால் அதில் நானும் உண்டு. 'நாங்க' என்றால் நான் இல்லை. ஆனாலும் வாய் தவறிவிட்டான் என்றே நினைத்தேன். சிரித்துக்கொண்டு, "நாமன்னு சொல்லுடா" என்றேன்.

அவன் டீ கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தான். திருத்திச் சொல்லவில்லை.

பிறகு மெதுவாக விஷயம் வந்தது. திருச்சியில் தங்குவது முதலாளியின் சம்பந்தி வீட்டிலாம். சாப்பாடும் அங்கேயேதானாம். "அவங்க பழைய ஆளுங்கடா. காலனிப் பசங்கன்னு தெரிஞ்சா பிரச்சினையாயிடும். இந்த ஒரு வாட்டி மட்டும்."

"அப்ப கோல்ல யாரு?"

"பெரம்பலூர்லேருந்து ஒருத்தன் நேரா திருச்சிக்கு வந்துடுறான். மத்த காலனிப் பசங்க எடத்துக்கும் அங்கேருந்தே ஆளுங்க வர்றாங்க."

முதலாளி சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரிடம் நான் எதை எதிர்பார்த்தேன்? சொன்னது இவன். சொன்னதோடு விட்டானா? எழுந்து போகும்போது, "கெளம்புற வரைக்கும் சாயந்திரத்துல வந்து கோல்ல நில்லேன்டா, எங்களுக்கு அடிச்சுப் பழகணும்ல" என்று வேறு கேட்டான். துரோகம் என்ற சொல் அவனுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மறுநாள் சாயந்திரம் போனேன். காலனியிலிருந்து வேறு யாரும் வரவில்லை. பெரிய தெருப் பையன்கள் எல்லோரும் புது பூட்ஸ் போட்டு நின்றார்கள். கம்புகளுக்கு நடுவில் போய் நின்றேன். கேப்டன் பந்தை வைத்து ஓங்கி அடித்தான். என் கைக்கு வாகாகத்தான் வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டேன். பந்து என்னைத் தாண்டிப் போய்ச் சீமைக்கருவேல முள்ளுக்குள் விழுந்தது.

"எடுத்துட்டு வாடா" என்றான் அவன்.

அவனை நான் அதுவரை 'டா' போடாமல் கூப்பிட்டதே இல்லை. என் அப்பாதான் அவர்கள் வீட்டு வாசலில் நின்று, அவன் அரைக்கால் டவுசர் போட்ட நாளிலேயே, அவனை 'வாங்க, போங்க' என்பார். எனக்குக் காது கூசும்.

"நீங்களே போயி எடுத்துக்குங்க" என்றேன்.

அவன் முகம் செத்துப்போனது. "ஏய், என்னடா இது?" என்றபடி பின்னாலேயே வந்தான். நான் ரயில் பாதையைத் தாண்டிக் காலனிக்கு நடந்தேன். இன்றுவரைக்கும் அவருக்கு அந்த மரியாதையை நான் குறைக்கவில்லை.