அடிக்காத ஹார்ன்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாத வெயிலில், ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில் நடந்தது இது. சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. பதினோரு மணிக்கு மேல் உள்ளே இருந்தால் வெந்துபோவோம். அந்த வெயில்மேல் பழியைப் போட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் ஏமாந்த கதைதான் இது.

என் கணவர் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர். மெஷின்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் போகும் பைப்புகளில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றிச் சுரண்டி, தண்ணீரை மறுபடி ஓட விடுவதுதான் அவருக்குப் பாதி நாள் வேலை. ஒருநாள் கம்பெனிக் கூரைமேல் ஏறியவர் ஷீட் உடைந்து கீழே விழுந்தார். தோளுக்குச் சற்றுக் கீழே முதுகுத்தண்டு போய்விட்டது. மார்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. கைகள் இரண்டு மட்டும் பழையபடி இருந்தன. நான் அழும்போதெல்லாம், "கை இருக்குதில்ல, அப்புறம் இன்னா?" என்று என்னையே அதட்டுவார்.

சிறுநீருக்கு நிரந்தரமாகக் குழாய் போட்டு அனுப்பினார்கள். குழாயின் நுனியில் ஒரு சின்ன பலூன் இருக்கும். அது உள்ளே ஊதிக்கொண்டு குழாய் வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். மறுமுனை கட்டிலுக்குக் கீழே தொங்கும் பையில் முடியும். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் குழாயை மாற்றுவார்கள். பை நிரம்ப நிரம்ப அடியில் உள்ள மூடியைத் திறந்து நாம்தான் காலி செய்ய வேண்டும். அவரால் அது முடியாது. கட்டிலை விட்டு வெளியே குனிந்தால் உடம்பு நிற்காமல் உருண்டு விழுவார். பை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

நான் வண்டிகளுக்கு வயரிங் கட்டும் கம்பெனியில் வேலை செய்கிறேன். முதல் ஷிப்ட் என்றால் விடியும் முன் பஸ் ஏறி, சாயங்காலம் வெயில் தாழத்தான் திரும்புவேன். போனை கம்பெனி கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அதனால் பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள பக்கத்து வீட்டு அக்காவைத்தான் நம்பியிருந்தேன். அந்த அக்கா ஆனேக்கல் பக்கத்துக்காரர். பாதி கன்னடம், பாதி தமிழ். மனசு மட்டும் முழுசு. கூப்பிட்டால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார்.

அந்தச் சித்திரைக்கு முந்தைய ஆயுத பூஜைக்கு என் கணவருடைய கம்பெனி நண்பர்கள் நான்கைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். கம்பெனியில் அவருடைய டூல்பாக்ஸை இன்னும் வேறு யாருக்கும் தரவில்லை. அதற்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, பொரியும் ஸ்வீட் பாக்ஸுமாக வந்திருந்தார்கள். அவரும் ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்துப் பேசினார். பேச்சு சுவாரசியத்தில் நானும் பையை மறந்துவிட்டேன். நிரம்பி வழிந்த பை இணைப்பில் கழன்று, தரையெல்லாம் ஓடியது. நண்பர்கள் எதுவுமே நடக்காத மாதிரி கால்களை மெதுவாகத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர் பொரித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரும் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. அவர்கள் போன பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமலே படுத்திருந்தார்.

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டார். வந்தவர்களில் ஒரு நண்பரிடம் சொல்லி, பைக்கில் பின்பிரேக்கை மிதித்தால் சிவப்பு விளக்கு எரிய வைக்கும் ஸ்விட்சை ஸ்பிரிங்கோடு வாங்கி வரச் சொன்னார். கூடவே ஒரு பழைய பேட்டரி, ஒரு விளக்கு, ஒரு ஹார்ன். அந்த ஸ்பிரிங்கில் பையைத் தொங்க விட்டார். பை நிரம்பிக் கனமானால் ஸ்பிரிங் இழுபடும், தலைமாட்டில் விளக்கு எரியும், ஹார்ன் அடிக்கும். மல்லாந்து படுத்தபடியே, நெஞ்சுமேல் பலகையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொருத்தினார். கட்டிலுக்கு அடியில் மாட்டுவதற்கு மட்டும் நான் கை கொடுத்தேன்.

முதல் முறை சோதித்துப் பார்த்தபோது ஹார்ன் அடித்த அடியில், வண்டி ஏதோ வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று வரிசை வீடே வாசலுக்கு வந்து நின்றது. "வீட்டுக்குள்ள படுத்துக்கினே ஓவர்டேக் பண்றீங்களா?" என்று கேட்டேன். விழுந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் துணியைச் சுற்றிச் சத்தத்தைக் குறைத்தோம். நண்பர் வந்து பார்த்துவிட்டு, "இத கம்பெனில புது ஐடியாவுக்கு வைக்கிற கைசன் போட்டில போட்டிருந்தா மொத பரிசு உனக்குத்தான்டா" என்றார். நான் அந்த ஸ்பிரிங்குக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அக்காவிடம், ஹார்ன் அடித்தால் மட்டும் வந்து பையைக் காலி செய்தால் போதும் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு பை வழியவே இல்லை. உண்மையில், என் ஷிப்ட் நேரத்தில் ஹார்ன் அடித்ததே அபூர்வம். சாயங்காலம் வந்து கேட்டால், "இன்னிக்கும் அடிக்கலம்மா" என்று அக்கா பெருமையாகச் சொல்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் அடிக்கவில்லை என்று எனக்குத் தெரிய வந்தது ரொம்பப் பின்னால்தான், அவர் அந்த நண்பரிடம் மட்டும் சொல்லி வைத்திருந்ததால். தன் மூத்திரத்தை வேற்றுப் பெண்மணி ஒருத்தர் பிடித்து ஊற்றுவது என் கணவருக்குத் தாங்கவில்லை. அக்கா ஒரு சொல் சொன்னதில்லை, முகம் சுளித்ததில்லை. இருந்தும் இவருக்குக் கூசியது. அதனால் நான் வீட்டில் இல்லாத நேரம் முழுக்க, தொண்டை நனைகிற அளவுக்கு மட்டும்தான் தண்ணீர் குடித்திருக்கிறார். நான் தலைமாட்டில் நிரப்பி வைத்துவிட்டுப் போன பாட்டிலை, நான் வருகிற நேரத்துக்கு ஜன்னல் வழியாகக் கவிழ்த்துவிடுவாராம். ஜன்னலுக்கு வெளியே இருந்த துளசி மட்டும் அந்தக் கோடையிலும் பச்சென்று இருந்தது. என் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சித்திரை மாத நாளிலும் ஹார்ன் அடிக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, அக்கா ஈரத்துணியோடு அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என் கணவருடைய முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. தலையிலிருந்து வேர்வை ஓடித் தலையணை நனைந்திருந்தது. மதியத்திலிருந்தே தலைவலி என்று சொன்னாராம். அக்கா மாத்திரை கொடுத்து, விசிறிவிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். இந்த வெயிலுக்கு யாருக்குத்தான் தலை வலிக்காது?

"ஷீட்டு சூடு மே. ஒண்ணுமில்ல" என்றார் என் கணவர். நாக்கு குழறியது. விளக்கு எரியவில்லை என்பதைக் கண்ணால் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எனக்கு அவர் கொடுத்த தைரியம் அது.

நான் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பை காலையில் நான் காலி செய்து மாட்டியபடியே சப்பையாக ஒட்டிக்கொண்டு இருந்தது. அடியில் ஒரு விரற்கடை அளவுக்குக் கலங்கலாக ஏதோ. ஸ்பிரிங் இழுபடாமல், குங்குமம் கலையாமல் அப்படியே இருந்தது.

அக்காவும் குனிந்து பார்த்தார். "ஹார்ன் ஹொடீலே இல்ல கணம்மா. நான் காதை இங்கதான் வச்சிருந்தேன். அடிக்கவே இல்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

ஆட்டோவில் ஏற்றும்போது அவருடைய வலது கை என் தோளிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்து வைத்தேன். மறுபடி விழுந்தது. சிப்காட் சிக்னலில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். நான் வந்த அதே பஸ், காலியாக, பக்கத்தில் நின்றது. அவருடைய வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தைகளில் ஒன்று "தண்ணி" என்பது. அன்றைக்கு அவரே கேட்டு, நான் கொடுத்தேன். விழுங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்ததுமே குழாயை உருவினார். உருவியதும் வந்தது, வந்துகொண்டே இருந்தது. நர்ஸ் அந்தப் பழைய குழாயின் நுனியைக் கத்தரித்து எனக்குக் காட்டினார். போர் தண்ணீரில் போட்டுப்போட்டு வெள்ளையாகப் பூத்துப்போன ஹீட்டர் கம்பி மாதிரி, உள்ளே முழுக்கக் கல்லாகப் படிந்திருந்தது. குழாய் மாற்றி மாதம்கூட ஆகவில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தால் உப்பு சீக்கிரமே படிந்துவிடுமாம்.

முதுகுத்தண்டில் மேல்பக்கம் அடிபட்டவர்களுக்கு, குழாய் அடைத்து மூத்திரப்பை வீங்கினால், வயிற்றில் வலி தெரியாதாம். உடம்பு வேறு வழியில் கத்துமாம். ரத்த அழுத்தம் எகிறும், முகம் சிவக்கும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், வேர்த்துக் கொட்டும். "உடனே குழாயப் பாக்கணும்னு யாரும் உங்களுக்குச் சொல்லலையாம்மா?" என்று டாக்டர் கேட்டார். யாரும் சொல்லவில்லை. பெட்புண் வராமல் புரட்டிப் போடச் சொன்னார்கள், கை கழுவச் சொன்னார்கள். இதைச் சொல்ல யாருக்கும் நேரம் இருந்திருக்காது. அழுத்தம் தாங்காமல் அவருக்கு மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். பேச்சும் வலது கையும் போய்விட்டன. அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மிச்சம் இருந்ததே கைதான்.

"வேற நல்ல குழாய் இல்லீங்களா டாக்டர்? அடைக்காத மாதிரி?" என்று கேட்டேன்.

"நான் படிக்கிறப்ப இருந்த அதே குழாய்தாம்மா இப்பவும். அதே பலூன், அதே ஓட்டை. பூச்சு மாத்தி, ரப்பர் மாத்தி என்னென்னமோ செய்யறாங்க. கல்லு படியறத இன்னும் நிறுத்த முடியல" என்றார். அவர் சலித்துக்கொண்டு சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

வாழ்நாளெல்லாம் அடைத்த பைப்பைச் சுரண்டிய மனிதர் என் கணவர். பைப்பில் உப்பு படியும் என்று அவருக்கா தெரியாது? ஆனால் அவருக்குக் கண்முன்னே நின்றது பொரித் தட்டும், தூக்கிக்கொண்ட கால்களும். வழிந்தால் அவமானம். அதனால் வழியாமல் இருக்க வழி கண்டுபிடித்தார். நாங்கள் வெட்கத்துக்கு ஹார்ன் வைத்தோம். ஆபத்துக்கு வைக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு, ஸ்விட்ச் வாங்கி வந்த அந்த நண்பர் தனியாக வந்தார். ஹார்னை மாற்றி வைக்க முடியுமா, பை கனக்காமல் இருந்தால் அடிக்கிற மாதிரி, என்று அவரிடம் கேட்டேன். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு வெகுநேரம் ஸ்விட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து வந்தபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

"இல்லீங்க. நீங்க காலி பண்ணின உடனேயும் அது காலியாத்தான் இருக்கும். எது நல்ல காலி, எது கெட்ட காலின்னு ஸ்பிரிங்குக்கு எப்படித் தெரியும்? நாள் பூரா அடிச்சிக்கினேதான் கெடக்கும்" என்றார்.

கட்டிலில் இருந்தவர் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நண்பர் சொல்லி முடித்ததும் மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டார். இதை அவர் எப்போதோ யோசித்து முடித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளிலிருந்து அவர் யோசிக்க அது ஒன்றுதானே இருந்தது. அவர் பேச முடிந்தவராக இருந்திருந்தால் வேறு ஏதாவது வழி சொல்லியிருப்பார். என்ன வழி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் எங்கேயோ உட்கார்ந்து நல்ல குழாய்க்காக உழைத்துக்கொண்டிருப்பார்கள். அது எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இதை எழுதும்போதும் இல்லை.

இப்போது ஹார்னைக் கழற்றிவிட்டேன். டீ இடைவேளையில் சூப்பர்வைசர் மேஜையிலிருந்து அக்காவுக்கு ஒரு போன் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டு. அக்கா ஸ்பூன் ஸ்பூனாக அவருக்குத் தண்ணீர் புகட்டுகிறார். நான் போன் செய்யும்போது, கட்டிலுக்கு அடியில் குனிந்து பையைக் கையில் ஏந்திப் பார்த்துச் சொல்கிறார். அப்போதெல்லாம் என் கணவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாராம். அந்தக் கூச்சம் மட்டும் அவரிடமிருந்து இன்னும் போகவில்லை.

என்னுடன் வேலை செய்யும் பெண்கள் தங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்பார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "பை கனமாருக்குது" என்று அக்கா சொன்ன பிறகுதான் எனக்குத் தொண்டையில் சோறு இறங்குகிறது.