வெள்ளித் துணி உறை

என் தம்பி மனைவி விரலில் ஊசி ஏறினாலும் பதறமாட்டாள். திரைச்சீலை தைக்கும் கடையில் இருபது வருடமாக எனக்கு அடுத்த மெஷின் அவளுடையது. ஆனால் யாராவது எதையாவது காதில் போட்டுவிட்டால் போச்சு, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது கார்டு விஷயமும். நம்பர் அழுத்தவே வேண்டாம், மெஷினில் காட்டினாலே பணம் போகிற கார்டு. "பஸ் கூட்டத்துல பக்கத்துல வந்து நின்னாலே போதுமாம், பையைத் தொடாமலே காசை உருவிடுவானாம்" என்று துணி வாங்க வந்த ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். என் தம்பி மகளின் காது ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம் முழுக்க அந்தக் கார்டில்தான். பெண்ணுக்குப் பதினொரு வயது. தள்ளிப்போட்டால் இப்போது கொஞ்சம் காது கேட்பதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்றைக்கே இஸ்திரி மேஜைக்கு விரிக்கிற வெள்ளி நிறத் துணியில் ஒரு துண்டு வெட்டி, இரட்டைத் தையல் போட்டுக் கார்டுக்கு உறை தைத்தாள்.

"பளபளன்னு இருந்தா தடுத்துடுமாடி?" என்றேன்.

"சூட்டையே திருப்பி அனுப்புது அண்ணி, சிக்னலை விட்டுடுமா?"

எனக்கும் சரி என்றுதான் பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஒன்று தைத்துக்கொண்டேன்.

மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய நாள், ஒரு சனிக்கிழமை மாலை, மூன்று பேரும் பஸ் ஏறினோம். பின்னால் இருந்தவர்கள் நெருக்க, அவள் கைப்பை டிக்கெட் மெஷின்மேல் போய் அழுந்தியது. டிங். பச்சை விளக்கு எரிந்தது. பையை அவள் திறக்கவே இல்லை. உறைக்குள் இருந்த கார்டிலிருந்து டிக்கெட் காசு போய்விட்டது.

அவள் பையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஐயோ அண்ணி, இது எதையும் தடுக்கல! வெறும் சாயம் பூசின துணியையா இத்தனை நாளா நம்பிட்டிருந்தேன்?"

ஒருவன் கையில் செல்போன் இருந்தது, அதை வைத்தே உருவிவிடுவானோ என்று விலகினாள். விலகிய இடத்தில் இன்னொருவன் இடித்துக்கொண்டு நின்றான். நானும் என் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். "பேங்குக்குப் போன் பண்ணுடி!" என்று கத்தியது நான்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மெஷினில் காட்டிப் பணம் கட்டுவதை மட்டும் நிறுத்தவா, கார்டையே நிறுத்தவா என்று போனில் கேட்டார்கள்.

"எல்லாத்தையும் நிறுத்துங்க! எல்லாத்தையும்!" என்றாள்.

மருத்துவமனை கவுன்ட்டரில் இருந்த பெண் கார்டைச் செருகிப் பார்த்துத் திருப்பித் தந்தாள். நிறுத்திய கார்டுக்குப் பேங்குக்கு நேரில்தான் போகவேண்டும், அது திங்கட்கிழமைதான் திறக்கும். என் கார்டில் இருந்தது பாதிக்குக்கூட வராது.

"இன்னைக்குக் கட்டலைன்னா நாளைக்கு உங்க இடம் வேற ஆளுக்குப் போயிடும்மா. அடுத்தது மூணு மாசம் கழிச்சுதான்."

கெஞ்சிப் பார்த்தோம். அவளும் பாவம், என்ன செய்வாள்? பணம் அப்படியே பேங்கில் இருந்தது, எவனும் தொடவில்லை.

மகள் அம்மாவின் கையை இழுத்தாள். "என்னம்மா சொல்றாங்க?"

"நாளைக்கு ஆபரேஷன் இல்லடி கண்ணு."

"என்னது? கேக்கலம்மா. சத்தமாச் சொல்லு."

அத்தனை பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் அவள் அதைக் கத்திச் சொன்னாள்.