என் பெயரில் இன்னொரு ஃபோல்டர்

பொய் சொல்வதென்றால் என்னை இவ்வளவு கேவலமாகக் காட்டிக்கொண்டிருக்க மாட்டேன். ஆகவே இது நடந்ததுதான் என்று நீங்கள் நம்பலாம். நள்ளிரவுகூட இல்லை. விடுமுறை நாள், பட்டப்பகல், ஆளில்லாத ஆபீஸ்.

எங்கள் நிறுவனத்தில் ஷெல் என்றால் நான்தான். கூட்டங்களில் நானே அப்படிச் சொல்லிக்கொள்வேன். ஷெல் என்பது, ஒரு வரி தட்டினால் உடனே பதில் சொல்லும் கறுப்புத் திரை. ஒரு மாட்யூலின், அதாவது ஒரு நிரல் ஃபைலின், பெயரைக் கொடுத்தால் ஃபோல்டர் ஃபோல்டராக வரிசையில் தேடி, அந்தப் பெயரில் முதலில் அகப்படுவதை எடுத்துக்கொள்ளும். சரியானதுதானா என்று விசாரிக்காது.

அந்த வாரம் எங்கள் மென்பொருள் எல்லா வாடிக்கையாளருக்கும் தப்பான கணக்கைக் காட்டியது. யார் தப்பு என்று மேனேஜர் கூட்டத்தில் கேட்டார். வாயே திறக்காததால் 'வாயாடி' என்று நாங்கள் பட்டம் கொடுத்திருந்த புதுப் பெண் அன்றுதான் வாய் திறந்தாள்.

"என் ஃபைல் சரியாத்தான் சார் இருக்கு. ஷெல்தான் வேற ஃபைலை எடுக்குது."

"அந்த ஷெல்லை எழுதினது நான்மா," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். திங்கட்கிழமையோடு அவளை அனுப்பிவிடுவது என்று முடிவானது.

விடுமுறையன்று யாருக்கும் தெரியாமல் வந்து பார்த்தேன். தேடும் வரிசையே தலைகீழ். எழுதியவன் சாட்சாத் நான். சத்தமில்லாமல் திருத்தினேன். வெளியே மூச்சு விடுவதில்லை என்றும் முடிவு செய்தேன். அவளுக்கு வேறு வேலை கிடைக்காதா என்ன!

சரிபார்க்க, அவளுடைய மாட்யூலை எங்கிருந்து எடுத்தாய் என்று ஷெல்லிடம் கேட்டேன். என் பெயரில் ஒரு ஃபோல்டரைக் காட்டியது. நான் உண்டாக்கியது அல்ல. தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. திறக்கப் போனேன். அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை என்றது.

பட்டியலிலிருந்து நீக்கினேன். மறுபடி கேட்டேன்.

அதே ஃபோல்டர்.

பின்வரிசையில் கீபோர்டு சத்தம். டக்... டக் டக்... நான் தட்டும் அதே வேகம். கையை எடுத்தேன்.

அது நிற்கவில்லை.

பிறகு ஒரு செருமல்... கூட்டத்தில் பேசுமுன் நான் செருமும் அதே செருமல்.

ஓடினேன். மேஜைக்கடியில் கழற்றிப் போட்ட ஷூவைக்கூட மாட்டாமல், வெறும் சாக்ஸோடு.

வாசல் கடிகாரத்தில் 4.05. ஷூ எங்கே சார் என்றார் செக்யூரிட்டி அண்ணன். வாக்கிங் என்றேன்.

திங்கட்கிழமை மென்பொருள் ஒழுங்காக ஓடியது. நான்தான் சரிசெய்தேன் என்றேன். கைதட்டினார்கள். எது தப்பு என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

வாயாடி பையோடு கிளம்பும்போது என்னிடம் வந்தாள். முகத்தில் கோபமே இல்லை.

"தப்பு உங்களோடதுன்னு போன்ல சொன்னீங்களே சார், அழுதீங்களே... அதுவே போதும். மேனேஜர்கிட்டயும் சொல்றேன்னீங்க. சொல்லிட்டீங்களா?"

தன் போனைக் காட்டினாள். என் எண்தான். விடுமுறை நாள், 4.06.

என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"சொன்னேன்மா. அவர்தான் கேக்கல."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த விடுமுறையன்று என் போனை மறந்து வீட்டிலேயே விட்டிருந்தேன். ஆபீஸிலிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேர வழி. என் போனை யார் எடுத்தது என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்கதான். பெட்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழுதுட்டிருந்தீங்க. இருபது வருஷத்துல நீங்க ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேட்டு நான் அன்னிக்குத்தான் கேட்டேன்."