பம்ப் ஓடியது, தண்ணீர் வரவில்லை

ஸ்ட்ரோக் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவரை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது கையும் காலும் ஓரளவு சொன்னபடி கேட்டன. வாய்தான் கேட்கவில்லை. பேச்சே வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தது, வேறு பேச்சாக வந்தது. தாகமெடுத்தால் "சாவி குடு" என்பார். முதலில் நான் சாவியையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத் தெரிகிறது, எது தப்பு என்பது தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பிறகு டம்ளரைக் காட்டினேன், வாங்கிக் குடித்தார்.

ஆமாவும் இல்லையும்தான் பெரிய தொல்லை. தலையை வேண்டாம் என்று அசைத்துக்கொண்டே "ஆமா" என்பார். "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?" என்று கேட்பதற்குக்கூட நான் அவர் முகத்தையும் வாயையும் மாறி மாறிப் பார்த்து ஒரு முடிவுக்கு வரவேண்டியிருந்தது. பல நாள் அந்த முடிவு தவறாகப் போனது.

நாங்கள் பீடோங்கில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறோம். எனக்குக் கூலிமில் ஃபேக்டரி வேலை, கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். அவர் பக்கத்து எஸ்டேட்டின் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் யாரிடமோ பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, மெர்போக் ஆற்றில் ஒரு மலாய்க்காரருடைய பலகைத் துறையில் கட்டிப்போட்டார். அந்த மனிதரை நாங்கள், மலாயில் மாமா என்கிற பொருளில், பாச்சிக் என்று கூப்பிடுவோம். வயது இவர் வயதுதான். இருவரும் சேர்ந்து மீன் பிடிக்கப் போவார்கள். எனக்கு நீச்சல் தெரியாது. ஓரிரு முறை அந்தப் படகில் ஏறியிருக்கிறேன். இரண்டு பக்கமும் கண்டல் மரங்களின் வேர்களைப் பார்த்துக்கொண்டு எப்போது திரும்புவோம் என்று உட்கார்ந்திருந்ததுதான் நினைவு.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு படகைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டபோது பாச்சிக் எனக்குப் போன் செய்தார். படகின் பின்பக்கம் தாழ்ந்து கிடக்கிறது, உள்ளே தண்ணீர், பம்ப் ஓடவில்லை, இப்படியே விட்டால் இன்ஜின் முங்கிவிடும் என்றார்.

கோலாலம்பூரில் இருக்கும் மகளிடம் சொன்னேன். "வித்துருங்கம்மா. இனிமே யாரு ஓட்டப் போறா? நான் ஆள் பாக்கறேன்" என்றாள். பாடாங் செராயில் ஓர் ஆசிரியர் இப்படிப் படகு தேடுவதாக அவளே கண்டுபிடித்தும் விட்டாள். வந்து பார்ப்பாராம், ஆனால் பம்ப் வேலை செய்யவேண்டுமாம்.

அவரிடம் கேட்டேன். "போட்ட வித்துரலாமாங்க?"

"ஆமா" என்றார். தலை இல்லை என்றது.

"விக்க வேணாமா?"

"ஆமா."

"சரி, விக்கணும்னா கட்டை விரலத் தூக்கிக் காட்டுங்க."

கையைத் தூக்கினார். விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், யாருடைய விரல் என்பதைப்போல. பிறகு கையை இறக்கிவிட்டார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. விற்றாலும் வைத்துக்கொண்டாலும் தண்ணீரை இறைத்தாக வேண்டும். அது ஒன்றுதான் எனக்குத் தெளிவாக இருந்தது.

என் ஓய்வு நாளில் போனேன். அவரை அழைத்துப் போக முடியாது. துறையின் பலகைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், அவருக்கு வலது கால் இழுக்கும். அதனால் அவருடைய போனை மேசையில் பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்து, வீடியோ கால் போட்டுவிட்டு, அவரை எதிரே உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். பழைய பல் துலக்கும் பிரஷ், வாளி, அவருடைய ஸ்பேனர் பெட்டி எல்லாம் மோட்டார் சைக்கிள் கூடையில். பாச்சிக் வலை எடுக்கப் போயிருந்தார்.

வாளியால் இறைத்து இறைத்துத் தோள் விட்டுப்போன பிறகு, இன்ஜினுக்கு முன்னால் படகின் அடிப்பள்ளத்தில் பம்ப் தெரிந்தது. கைப்பிடி அளவுதான். ஷாக் அடித்துவிடுமோ என்று பயந்து முதலில் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களையும் கழற்றிப் போட்டேன். பிறகு போனைத் தாழ்த்திக் காட்டினேன்.

"இதானே பம்ப்பு?"

"பூன" என்றார்.

"பூனையா?"

"பூனதான். காத அமுக்கு. ரெண்டு காதையும்."

பூனைக்கு நான் எங்கே போவது? பம்ப்பைத் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னதாக இரண்டு காதுகள் துருத்திக்கொண்டிருந்தன. சேர்த்து அமுக்கினேன். டக்கென்று மேல்பாகம் கையோடு வந்துவிட்டது. கீழே படகோடு ஒட்டியபடி அதன் அடிமூடி நின்றது, வரிசையாகக் கீறல் போட்ட சல்லடை மாதிரி. அதையும் திருகி எடுத்தேன். கீறல் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. சேறு, மீன் செதில், அழுகிய இலை, இறால் மீசை, பிய்ந்த பிளாஸ்டிக் பை எல்லாம் சேர்ந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருந்தன. தண்ணீர் உள்ளே போக வழியே இல்லை.

பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காட்டினேன். அவருக்குத் திருப்தியில்லை.

"முடி" என்றார்.

"மூடியக் கழுவிட்டேங்க. பாருங்க."

"மூடி இல்ல... முடி. மூடி."

"மூடியா, முடியா?"

"ஆமா."

நான் மூடியை மறுபடியும் கழுவினேன். அப்புறம் இன்னொரு தடவை. அவர் கையை ஆட்டிக்கொண்டே "முடி, முடி" என்றார். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. கையிலிருந்த பம்ப்பைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அதன் அடியில் ஒரு சின்னச் சக்கரம் இருப்பதைக் கண்டேன். தூண்டில் நைலான் அதில் சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது, சீப்பில் சிக்கிய முடியைப்போல. ஸ்பேனர் பெட்டியில் கிடந்த கத்தரியின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்தேன். சக்கரம் விரலுக்குச் சுழன்றது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கும்.

பம்ப்பை மூடியின்மேல் அழுத்திப் பொருத்தினேன். பேட்டரியில் ஒயர்களை மாட்டினேன். இரண்டுமே கிரீஸ் பிடித்து ஒரே கறுப்பாக இருந்தன. எது எங்கே என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சுவிட்சைப் போட்டதும் பம்ப் உறுமியது. ஆனால் படகின் பக்கவாட்டில் தண்ணீர் வெளியே போகும் ஓட்டையில், மூக்கு ஒழுகுவது மாதிரி நாலு சொட்டு வந்தது, அவ்வளவுதான்.

"ஓடுதுங்க. தண்ணி வரல."

போனில் காதைச் சாய்த்துக் கேட்டார். "சட்ட" என்றார்.

"என்ன சட்ட?"

"சட்ட போடு. சட்ட... உள்ள."

நான் ஃபேக்டரி டி-ஷர்ட்தான் போட்டிருந்தேன். "போட்டுருக்கேங்க."

"சட்ட" என்று மேசையில் அடித்தார். பிஸ்கட் டின் உருண்டது, போன் மல்லாக்க விழுந்தது. திரையில் எங்கள் வீட்டு ஃபேன் சுற்றியது. நான் இடுப்புவரை நனைந்து, உறுமும் பம்ப் பக்கத்தில் உட்கார்ந்து, என் வீட்டு ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் "ம்" என்று குரல் வந்தது. ஆள் தெரியவில்லை.

அந்த நேரத்தில் பாச்சிக்கின் படகு வந்து சேர்ந்தது. சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அவாட் நி, கக்?" என்றார். என்ன ஆச்சு அக்கா என்றுதான் கேட்டார். எனக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை, போனை அவரிடம் நீட்டினேன். அவர் போனைப் பார்த்து என் கணவரை உரக்கக் கூப்பிட்டார். திரையில் ஃபேன் மறைந்து அவர் முகம் வந்தது.

"வாயார் தெர்பாலிக்" என்றார் என் கணவர்.

ஒயர் மாறியிருக்கிறது, சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்ட மாதிரி. சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு. அதையும் மலாயில் சொன்னார். நிதானமாக, ஒரு சொல்கூடப் பிசகாமல். பாச்சிக் ஒயர்களைத் துடைத்து, பார்த்து, மாற்றி மாட்டினார். பக்கவாட்டு ஓட்டையிலிருந்து தண்ணீர் வளைந்து பாய்ந்து ஆற்றில் விழுந்தது.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். மழை எப்படி, நண்டு கிடைக்கிறதா, துறையின் உடைந்த பலகையை மாற்றியாயிற்றா. சின்னச் சின்ன வாக்கியங்கள்தான், இடையில் நின்று நின்றுதான். ஆனால் நண்டு நண்டாகவே இருந்தது, பலகை பலகையாகவே இருந்தது. நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று புத்தி சொன்னது. ஆனால் இத்தனை மாதமாக மூடிய கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன், பக்கத்து ஜன்னல் திறந்தே கிடந்திருக்கிறது என்ற எண்ணம்தான் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

போனைத் திருப்பித் தரும் முன் படகை விற்பதைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். "ஹாங் நாக் ஜுவால் கா?" என்று பாச்சிக் கேட்டார்.

"ஜுவால்லா" என்றார் என் கணவர். விற்றுவிடு. அதோடு, "டியா தாக் சுக்கா" என்று சேர்த்துச் சொன்னார். அவளுக்குப் பிடிக்காது.

பாச்சிக் என்னைப் பார்க்காமல் போனைக் கொடுத்தார். படகு பிடிக்காது என்று நான் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து உடை மாற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். "விக்கச் சொன்னீங்களே?"

"விக்காத" என்றார். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். "நீ விக்காத."

ஒரே நாளில், ஒரே வாயிலிருந்து, இரண்டு பாஷையில் இரண்டு பதில். பேச்சுப் பயிற்சிக்கு அவரைக் கூட்டிப்போனபோது, பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்குச் சில சமயம் ஒன்று முந்திக்கொண்டு திரும்பும், எது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது, வீட்டு மொழிதான் முதலில் வரவேண்டும் என்றில்லை, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். இரண்டு பதிலில் எது நிஜம் என்று கேட்டேன். அதை அவர்தான் சொல்லவேண்டும் ஆன்ட்டி என்றாள்.

பாடாங் செராய் ஆசிரியர் வந்தார். நான் வாளியால் தண்ணீர் ஊற்றிப் பம்ப்பைப் போட்டுக் காட்டினேன். நன்றாக இறைத்தது. இன்ஜினையும் பார்த்தார், பிடித்துவிட்டது. "அண்ணனுக்குச் சம்மதம்தானேக்கா?" என்று கேட்டார். சாதாரணக் கேள்விதான். பிறகு சொல்கிறேன் தம்பி என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அன்று மாலை மகளிடமிருந்து திட்டு.

கடைசியில் நானே அவரிடம் மலாயில் கேட்பது என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒருவரோடொருவர் மலாய் பேசியதில்லை. என் மலாய் ஃபேக்டரியிலும் பசாரிலும் பிழைக்கப் போதும். ஆனால் புருஷனை எப்படிக் கூப்பிடுவது? ஹாங் என்றால் சிநேகிதர்கள் பேசுவது. அவாக் என்றால் ஆபீஸ் பேச்சு. அபாங் என்று மலாய்க்காரப் பெண்கள் சொல்வார்கள், எனக்கு அது நாக்கிலேயே ஏறவில்லை. காய் நறுக்கிக்கொண்டே மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலேயே கேட்டுவிட்டேன்.

"போட் து, நாக் ஜுவால் கா?"

கவுன்டரில் இருக்கும் அதிகாரியைப் பார்ப்பதுபோல நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சிரித்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "பெலும்" என்றார்.

பெலும் என்றால் இன்னும் இல்லை. இப்போது விற்க வேண்டாம் என்கிறாரா, இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறாரா, அல்லது வாயில் கிடைத்த சொல் அதுதானா? திரும்பவும் கேட்டேன். திரும்பவும் பெலும்.

ஆசிரியர் வேறு படகு வாங்கிவிட்டார். எங்களுடையது ஆற்றில்தான் கிடக்கிறது. இப்போதெல்லாம் அவரையும் அழைத்துப் போகிறேன். துறையின் தொடக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாச்சிக்கோடு பேசிக்கொண்டிருப்பார். நான் இறங்கிப் போய் மூடியைக் கழுவுகிறேன். என் கணவருக்கு முழங்கால் வலிக்கிறது, நான் கறியில் உப்பை அள்ளிப் போடுகிறேன் என்பதையெல்லாம் அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

போன தடவை நான் பம்ப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. மேலே ஏறி வந்து, "என்னாங்க சிரிப்பு?" என்று கேட்டேன். என் பக்கம் திரும்பி, பொறுமையாக, தமிழில், முழு வாக்கியமாகச் சொன்னார். குடை, திங்கட்கிழமை, யாருடைய தங்கச்சியோ, எல்லாம் அதில் இருந்தன. நான் பாச்சிக்கைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது.