உமாசங்கரின் ஜாங்கிரி நோட்டு

"திரு. உமாசங்கர், வயது 49, முதுநிலைத் தொழில்நுட்பர், அளவியல் பிரிவு. இருமுனை மனநோய்க்கு மருந்து உட்கொள்பவர். கைநடுக்கம் உண்டு. தம் நிலை குறித்த தன்னுணர்வு குறைவு. துல்லியப் பணிக்கும் தனித்து முடிவெடுக்கும் பொறுப்புக்கும் ஏற்றவரல்லர்."

செகந்திராபாத்தை அடுத்த ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையின் மருத்துவக் குழு இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதி, முத்திரை குத்தி, கோப்பில் போட்ட வாசகம் இது. இதில் பெயர் சரி. மாத்திரை சரி. நடுக்கமும் சரிதான். மீதிதான் இடிக்கிறது.

உமாசங்கரின் வேலை எடைக்கல்லை எடை போடுவது. தொழிற்சாலை முழுக்க உள்ள தராசுகளைச் சரிபார்க்க எடைக்கற்கள் வேண்டும். அந்தக் கற்கள் சரிதானா என்று யாராவது பார்க்க வேண்டும். அந்த யாராவது உமாசங்கர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில், இடுக்கியால் பிடித்து, மூச்சுக்காற்று படாமல் கல்லை வைக்க வேண்டும். விரல் பட்டால்கூடக் கல்லின் எடை மாறிவிடும். அப்படிப்பட்ட வேலையில் இருப்பவருக்குக் கை நடுங்க வைக்கும் மாத்திரை வாய்த்தது.

நோய் வெளிப்பட்ட விதமும் வேலையை ஒட்டித்தான் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், ஆபீஸ் எடைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் காய்கறிச் சந்தைக்குப் போய், கடை கடையாக ஏறி, "உங்க தராசு நாப்பது கிராம் தப்பு" என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆறு நாள் தூங்காமல் அதைச் சொன்னதுதான் நோய். ஏழாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லித்தியம் மாத்திரை அன்றிலிருந்து கூடவே வருகிறது.

மாத்திரை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வேறு சில வேலைகளையும் கூடுதலாகச் செய்தது. பதினோரு கிலோ ஏறியது. தைராய்டு மந்தமாகி அதற்கொரு தனி மாத்திரை வந்தது. தீராத தாகம், இரண்டு லிட்டர் பாட்டில் தோளிலேயே தொங்கியது. குடித்த தண்ணீர் போகிற வழியையும் பார்க்க வேண்டுமே. பத்மாராவ் நகர் வீட்டிலிருந்து தொழிற்சாலை வரைக்கும் எந்தெந்த மெட்ரோ ஸ்டேஷனில் கழிப்பறை திறந்திருக்கும் என்பது ஹைதராபாத்தில் அவரைப்போல இன்னொருவருக்குத் தெரியாது.

நடுக்கத்துக்கு அவரே ஒரு வழி கண்டார். மணிக்கட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொள்வார். மூச்சை மெல்ல விடுவார். நடுக்கத்துக்கும் ஒரு தாளம் உண்டு, இரண்டு நடுக்கத்துக்கு நடுவே ஒரு சின்ன இடம் இருக்கிறது, கல்லை அங்கே இறக்கிவிட்டால் போதும் என்பார். குழு அவரை ஏற்றவரல்லர் என்று எழுதிய பிறகும் கற்களை அவர்தான் எடை போட்டார். கை நடுங்காத சக ஊழியர் விஸ்வநாத் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பிரிவில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். கோப்புக்கு மட்டும் தெரியாது.

தராசை நம்புவதற்கு முன்னால் தராசைச் சோதிக்க வேண்டும். கையை நம்புவதற்கு முன்னால்? அதற்காக ஏழு வருஷமாக ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தார். தினம் காலையில் காபி குடித்ததும் பேனாவால் ஒரே இழுப்பில் ஒரு சுருள் வரைவார். பக்கத்தில் தேதி, தூங்கிய மணி, குடித்த தண்ணீர். தூக்கம் ஐந்து மணிக்குக் கீழே போனால் டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும் என்பது அவரே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். கோடு லேசாக நெளிந்து நெளிந்து வரும். வீட்டில் அதற்கு ஜாங்கிரி நோட்டு என்று பெயர்.

இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் மெமோ வந்தது. இரண்டு வருஷம் மனுப்போட்டு நடந்ததற்குப் பலன்: மே இருபதாம் தேதி மறு பரிசோதனை. மெடிக்கல் போர்டு என்கிற அந்தக் குழுவின் முன்னால் கற்களை எடை போட்டுக் காட்ட வேண்டும். தேறினால் கையெழுத்து உரிமை திரும்பக் கிடைக்கும். தேறாவிட்டால் தபால் பிரிவு. ஓய்வு பெறும்வரை உறை ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

அவர் மனைவி பட்டு மெமோவை வாங்கிப் படித்துவிட்டு சுவாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"போர்டு முடியற வரைக்கும் உப்பு சேத்துக்கறதில்லேன்னு வேண்டிண்டுட்டேன்."

பட்டுவின் பிறந்த வீட்டுக்குக் குலதெய்வம் உப்பிலியப்பன். உப்பில்லாமல் தளிகை ஏற்கிற பெருமாள்.

"நீ மட்டுமா?" என்றார் உமாசங்கர்.

"ஏன்னா, ரெண்டு சாம்பார் தனித்தனியா வைக்க என்னால ஆகாது. உங்களுக்கு வேணும்னா மேல தூவிக்கோங்கோ."

அவர் தூவிக்கொள்ளவில்லை. தனக்காக ஒருத்தி நாக்கைக் கட்டிக்கொண்டிருக்கும்போது எதிரே உட்கார்ந்து உப்பு டப்பாவைத் திறக்க மனம் வரவில்லை. போதாததற்கு, உப்பைக் குறைத்தால் உடம்புக்கு நல்லது என்று உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். மே ஒன்றாம் தேதி ஆரம்பித்தார்கள். ரசம், கூட்டு, மோர் எல்லாம் ஒரே ருசி, அதாவது ருசியே இல்லை. ஊறுகாய் ஜாடிகள் அலமாரி மேல்தட்டுக்குப் போயின. கல்லூரிக்குப் போகும் மகள் மஹதி மட்டும் ஹாஸ்டல் தோழிகளோடு வெளியே சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டாள்.

பத்து நாளில் ஜாங்கிரியின் ஓரம் பிசிறு தட்டியது. பதினைந்தாம் தேதி காலையில் மஹதி நோட்டை எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும்.

"இதி ஜாங்கிரி காது நான்னா. நூடுல்ஸ்." ஜாங்கிரி இல்லையாம்.

"வெயில்டி," என்றாள் பட்டு. "ஊரே நடுங்கறது."

அன்று பிரிவில் இடுக்கியிலிருந்து இருபது கிராம் கல் நழுவி விழுந்தது. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. பக்கத்து மேஜையில் இருக்கும் நூர் முகமது அதை வெள்ளைத் துணியால் எடுத்துக் கொடுத்தார். உமாசங்கரோடு பேசிப்பேசியே தமிழ் கற்றவர் அவர்.

"கைக்கு டென்ஷன், உமா பாய்? ஒண்ணு சொல்றேன் கேளு. போர்டு முடியற வரைக்கும் அந்த மாத்திரை கோலி நக்கோ, வேணாம். கை ஸ்டெடி ஆயிடும். பாஸ் ஆயிட்டு அப்புறம் டப்பாவோட சாப்டு. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே, பாய்."

"நீ யாருகிட்ட சொல்லப் போறே?"

நியாயமான கேள்வி. உமாசங்கர் அதை மெட்ரோவில் நின்றபடி பாரடைஸ் ஸ்டேஷன் வரைக்கும் யோசித்தார். நடுக்கத்தை மறைக்க மாத்திரையை விடுவது தராசைச் சரியாகக் காட்ட முள்ளைக் கையால் பிடித்துக்கொள்வது போலத்தான். ஆனாலும் யோசித்தார். இரண்டு வருஷம் நடந்தவருக்கு அந்த அளவு உரிமை உண்டு. இறங்கி நடக்கும்போது படிக்கட்டில் கால் பின்னியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இது நடுக்கம் மட்டும் இல்லை என்று அப்போது தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டை எடுத்து, ஒரு கல்லின் எடை ஏன் மாறியது என்று தேடுவது போலவே, பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். தூக்கம் மாறவில்லை. தண்ணீர் மாறவில்லை. மாத்திரை மாறவில்லை. மே நான்கு வரை ஜாங்கிரி ஜாங்கிரியாக இருந்தது. அதற்கப்புறம் நாளுக்கு நாள் கோணல். அப்படியே புரட்டிக்கொண்டு போய் முதல் பக்கத்துக்கு வந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் சொல்லச் சொல்ல அவரே எழுதியது: "தண்ணீர், உப்பு: திடீரென்று குறைக்கக் கூடாது." தண்ணீரை ஏழு வருஷமாகத் தோளில் சுமந்தார். உப்பு அந்த வரியிலேயே தங்கிவிட்டது.

டாக்டர் ப்ரியம்வதாவுக்குப் போன் போட்டார்.

திங்கள் காலை எட்டு மணிக்கு அமீர்பேட்டில் டாக்டருடைய கிளினிக். பட்டுவும் கூட வந்தாள். நான்காவது மாடி, கீழே மூன்று மாடியும் கம்ப்யூட்டர் கோச்சிங். லிஃப்டில் வந்த பிள்ளைகள் இவரை யாரோ ஒரு பையனுக்கு ஃபீஸ் கட்ட வந்த அப்பா என்று நினைத்து வழி விட்டார்கள். முந்தின இரவு மாத்திரை போட்டுச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தார். லித்தியத்தின் அளவு எப்போதும் 0.7 வருகிற இடத்தில் 1.5 வந்தது.

"யார் சார் உங்களை உப்பை நிறுத்தச் சொன்னது?" என்றார் டாக்டர்.

"பெருமாள்."

டாக்டர் பட்டுவைப் பார்த்தார். பட்டு தரையைப் பார்த்தாள்.

"உப்பு குறைஞ்சா உடம்பு லித்தியத்தை வெளியே விடாதும்மா, பிடிச்சு வச்சுக்கும். நல்ல வேளை, இப்பவே வந்தீங்க. ரெண்டு நாள் மாத்திரை வேண்டாம். நாளைக்கு மறுபடி ரத்தம். எப்ப ஆரம்பிக்கணும்னு நான் சொல்றேன். இப்ப படுங்க, சலைன் ஏத்தணும்."

நூர் முகமது சொன்னதையேதான் டாக்டரும் சொல்லியிருந்தார். டாக்டர் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னார் என்பது வித்தியாசம். இந்த வித்தியாசத்தை நூர் முகமது இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பதினேழு நாள் பெருமாளுக்காக விட்ட உப்பு சொட்டுச் சொட்டாகக் கையில் இறங்கிக்கொண்டிருந்தது. பட்டு பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களைக் கொல்லப் பாத்திருக்கேனே."

"கொல்லல. அளவு மாறிடுத்து, அவ்வளவுதான். வேண்டிண்டது நீதானே, என் கிட்னி வேண்டிக்கலையே."

"நாளன்னிக்கு போர்டு. இந்தக் கையோட போய் நின்னா தபால்ல போட்டுடுவா. போகலேன்னா வரலேன்னு எழுதிடுவா."

"போறேன். போய்ச் சொல்றேன்."

"என்னன்னு?"

"கை சரியில்லேன்னு."

பட்டு அவரை உற்றுப் பார்த்தாள். சந்தைக்குப் போன அந்த ஜனவரியிலும் இவர் இதே நிதானத்தோடுதான் கிளம்பினார்.

"நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினேள்?"

"ஆறே முக்கால். நோட்டுல இருக்கு, பாத்துக்கோ."

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து நிஜமாகவே பார்த்தாள். பிறகுதான் மூடி வைத்தாள்.

புதன்கிழமை குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். மேஜை மேல் தராசும் இருபது கற்களும் தயாராக இருந்தன. ஆரம்பிக்கலாம் என்றார் தலைவர். உமாசங்கர் இடுக்கியை எடுக்கவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளையும் ஜாங்கிரி நோட்டையும் மேஜை மேல் வைத்தார். இன்று என் கை அளவில் இல்லை, காரணம் இது, சரிசெய்ய மூன்று வாரம் ஆகும், அதுவரை இந்தக் கற்களை நான் தொட்டால் அது கற்களுக்குச் செய்கிற அநியாயம் என்று தெலுங்கில் சொன்னார்.

தலைவர் நோட்டைப் புரட்டினார். இருபது வருஷமாகக் குழுவில் இருக்கிறாராம். நடுக்கமே இல்லை என்று சாதிக்க வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறாராம். இப்படி ஒருவர் வந்தால் எந்தப் படிவத்தை நிரப்புவது என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. கடைசியில், எழுதிக் கொடுங்கள், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள்.

வீட்டில் செய்தியைக் கேட்டதும் பட்டு முதலில் விரல் விட்டு எண்ணினாள். போர்டு முடிகிற வரைக்கும் என்றுதான் வேண்டியிருந்தாள், போர்டு முடியவில்லை.

"எனக்கு இன்னும் மூணு வாரமா?"

"நீதானே வேண்டிண்டே."

அடுத்த மூன்று வாரமும் இரண்டு அடுப்பில் இரண்டு சாம்பார் கொதித்தன. ஆகாது என்றவளுக்கு ஆயிற்று. மாத்திரை டாக்டர் சொன்ன அளவில் திரும்ப ஆரம்பித்தது. ஜாங்கிரி மெல்ல மெல்ல ஜாங்கிரி ஆனது. ஜூன் முதல் வாரம் ரத்தத்தில் 0.7. நடுக்கம் போய்விடவில்லை, பழைய நடுக்கமாகத் திரும்பி வந்தது. அதன் தாளம் அவருக்குத் தெரியும்.

தன்னுணர்வு குறைவு என்ற பழைய தாள் இன்னும் கோப்பில்தான் இருக்கிறது. அதற்கு மேலே இரண்டு தாள் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

மே இருபதாம் தேதி உமாசங்கர், தன் கை வேலைக்குச் சரியில்லை என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜூன் பத்தாம் தேதி மரக்கட்டையோடு திரும்பி வந்து, இருபது கற்களையும் குழுவின் முன்னால் எடை போட்டுத் தேறி, இருபது சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டார்.