மேட்சிங் சென்டரில் ஒரு மடங்காத கால்

மேட்சிங் சென்டர் வேலை என்பது, புடவையில் இருக்கும் நிறத்தைக் கடையில் இல்லாத துணியில் தேடிக் கொடுப்பது. அதையும் நாள் முழுக்க நின்றுகொண்டே. மராத்தி பேசும் ஊரில், கட்கி பஜாரில் பதினைந்து வருஷமாக ரவிக்கைத் துணியும் புடவை ஃபாலும் விற்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்பு வியாதி. மூளை சொல்வது காலுக்குச் சரியாகப் போய்ச் சேராது. கால் தன் பாட்டுக்கு விறைத்துக்கொள்ளும். இதே விறைப்போடு நடமாடுகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். நான் வைத்தியம் சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பச்சை

முக்காலியில் உட்கார்ந்து, கால் விரல்களை மட்டும் துணி ஷெல்ஃபின் கீழ்க்கம்பியில் ஊன்றினால் போதும், என் வலது பாதம் தானாகத் துள்ள ஆரம்பித்துவிடும். நானாக நிறுத்த முடியாது. குதிகாலைத் தரையில் வைத்து அழுத்தினால்தான் அடங்கும். வியாதி வந்த புதிதில் எனக்கு அந்த வித்தை தெரியாது.

ஒரு மராத்திக்கார அம்மா பைத்தணிப் புடவைக்குப் பச்சை தேடிக்கொண்டிருந்தார். இரண்டு பச்சைகள் பிடிக்கவில்லை. மூன்றாவதைப் பிரிக்கும்போது என் கால் துள்ளி, இரும்பு ஷெல்ஃப் கடகடவென்று ஆடியது. அவர் துணியை விட்டுவிட்டு என் காலையே பார்த்தார்.

"மூணாவது பச்சைதானே கேட்டேன்? அதுக்குள்ள இவ்வளவு கோபமா?"

சுவர்

பிசியோதெரபிப் பெண் எனக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தாள். இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் தள்ளி, குதிகால் தரையை விட்டு எழும்பாமல், கெண்டைக்கால் இழுபடும்வரை நிற்க வேண்டும். வெடுக்கென்று செய்தால் விறைப்பு கூடும். மெதுவாக எண்ணிக்கொண்டு செய்ய வேண்டும். மத்தியானம் கடை காலியாக இருக்கும்போது உள்பக்கச் சுவரில் செய்வேன்.

ஒருநாள் எண்ணி முடிப்பதற்குள் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. நிக்டியில் குடியிருக்கும் கோயம்புத்தூர்ப் பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை. நான் தமிழ் என்று தெரிந்ததிலிருந்து என்னிடம்தான் வாங்குவாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏனுங்க்கா, செவுரு சாயுதுங்களா? நானும் ஒரு கை புடிக்கட்டுங்களா?"

தளர்ந்த நாள்

தசையைத் தளர்த்த டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், நீங்களாகக் கூட்டவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது என்று சொல்லியிருந்தார். தீபாவளிக் கூட்டம் தொடங்கியதும் நான் புத்திசாலித்தனமாக ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டேன். பதினோரு மணிக்கு விறைப்பு போய்விட்டது. கூடவே காலும் போய்விட்டது. கையில் துணிச்சுருளோடு, நனைந்த துணி சரிவதுபோல அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

சுனந்தாதான் தூக்கி உட்கார வைத்தாள். கடையில் என்னைவிட மூத்தவள். என்னோடு டாக்டரிடமும் வந்தாள். நான் இத்தனை நாள் அந்த விறைப்பை வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன், அதை முழுக்கத் தளர்த்தினால் நிற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. வெளியே வந்ததும் சுனந்தா மீதியைப் புரிய வைத்தாள்.

"பாவாடை நாடா மாதிரிதான், கலா. இறுக்கினா வலிக்கும், விட்டா அவுந்துடும்."

ஒரு லிட்டர்

இது சிரிக்கிற விஷயமாகத் தொடங்கவில்லை. எங்கள் கடைக்குக் கழிப்பறை பக்கத்துக் கட்டடத்தின் மாடியில். படி ஏறப் பயந்து நான் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருந்தேன். மழைக்காலத்தில் ஒரு வாரம் கால் இரண்டும் மூங்கில் மாதிரி ஆகிவிட்டன. முழங்கால்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பஸ்ஸிலிருந்து இறங்க முடியாமல் நான் நிற்க, மொத்தப் பஸ்ஸும் எனக்காகக் காத்திருந்தது. வியாதி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். வேலையை விடுகிறேன் என்று கடை முதலாளி சேட்டிடம் சொல்ல இந்தியில் வாக்கியங்கள்கூடத் தயார் செய்துவிட்டேன். என் கணவர் வீட்டுச் செலவை என் சம்பளம் இல்லாமல் எழுதிப் பார்த்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

டாக்டர் காலைப் பார்ப்பதற்கு முன்னால், சிறுநீர் போகும்போது எரிகிறதா என்று கேட்டார். எரிந்தது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பரிசோதனையில் கிருமித் தொற்று, தண்ணீர் போதாமல் வந்தது என்றார். உடம்பில் எங்கே தொந்தரவு வந்தாலும் விறைப்பு கூடுமாம். மருந்து முடிந்த சில நாளில் கால் பழைய நிலைக்கு வந்தது.

காரணம் அந்த மாடிப்படி என்று தெரிந்ததும் சுனந்தா நேரே பக்கத்துப் பாத்திரக் கடைக்குப் போய், அவர்களுடைய தரைத்தளக் கழிப்பறைக்கு ஒரு சாவி வாங்கி வந்தாள். பிறகு ஒரு லிட்டர் பாட்டிலை என் முன்னால் வைத்தாள். நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதை அவள் கவனிக்காத மாதிரி சொன்னாள்:

"இது காலியாகாம ஒரு ஃபால்கூடத் தொடக் கூடாது. நீ படுத்தா ரெண்டு பேர் வேலை எனக்கு."

கம்பு

கைத்தடி வாங்கி மூன்று வாரம் வீட்டிலேயே வைத்திருந்தேன். சேட்டு பார்த்தால் அனுப்பிவிடுவார் என்று பயம். பஜாரில் ஒருநாள் தடுமாறி விழப்போன பிறகு வேறு வழியில்லாமல் ஊன்றிக்கொண்டு போனேன். சேட்டு கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், பிறகு கணக்குப் புத்தகத்துக்குத் திரும்பினார்.

சாயந்திரம் சுனந்தா என் கம்பின் வளைந்த பிடியால் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை அழகாக இழுத்து இறக்கினாள். அடுத்த நாள் எல்லாரும் இழுத்தார்கள். எனக்கு வேண்டும்போது கம்பு யாரிடமாவது இருந்தது. மாதக் கடைசியில் உடம்புக்கு முடியவில்லை, நாளைக்கு லீவு வேண்டும் என்று கேட்டேன். சேட்டு தலையாட்டினார்.

"நீ வராட்டி பரவாயில்லை. கம்பை மட்டும் அனுப்பிடு."

ஆக, என் கால்கள் நான் சொல்வதைக் கேட்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் பதினைந்து வருஷமாக ஒரு வாடிக்கையாளரும் கேட்டதில்லை என்பதால் எனக்கு அது அவ்வளவு புதிதாகத் தெரியவில்லை.